மகப்பேற்று அறையில் கைத்தூய்மை விதிகளைக் கடைப்பிடித்தல்: வியன்னா, உத்தரப்பிரதேசச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்று நிலையங்களில் தாய்க்கும் சேய்க்கும் ஏற்படும் நோய்த்தொற்றுகளைத் தடுப்பதில் பணியாளர்களின் கைத்தூய்மை முதன்மையான இடத்தைப் பெறுகிறது. இதனை அறியாத மருத்துவப் பணியாளர் இன்று இல்லை. எனினும் அறிந்த அளவிற்கு அது கடைப்பிடிக்கப்படுவதில்லை. இந்த இடைவெளிக்குப் பணியாளரின் அலட்சியமே காரணம் என்னும் பொதுக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. 1847ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தப்பட்ட கைக்கழுவல் ஆணையும், 2017ஆம் ஆண்டு முடிவுகள் வெளியிடப்பட்ட உத்தரப்பிரதேச மகப்பேற்றுச் சரிபார்ப்புப் பட்டியல் சோதனையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. விதியைக் கடைப்பிடித்தல் என்பது பொருள் வசதி, பணிச்சுமை, பதவி அடுக்கு, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றால் உருவாகும் நிறுவனப் பண்பு என்பதும், தனிமனிதரைப் பழிப்பதால் அது வளர்வதில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மகப்பேற்றுக் காய்ச்சல், கைத்தூய்மை, விதிக் கடைப்பிடிப்பு, செம்மல்வைஸ், சரிபார்ப்புப் பட்டியல், செவிலியர் பணிச்சுமை.

முன்னுரை

குழந்தைப் பேற்றின்போதும் அதன் பின்னரும் கருப்பையிலும் பிறப்புப் பாதையிலும் ஏற்படும் நோய்த்தொற்று உலகெங்கும் தாய்மார் இறப்பிற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இன்றும் நீடிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட பகுப்பாய்வின்படி, 2003 முதல் 2009 வரையிலான காலத்தில் உலகில் நிகழ்ந்த தாய்மார் இறப்புகளில் ஏறத்தாழ 10.7 விழுக்காடு நோய்த்தொற்றினால் விளைந்தவை. குருதிப்போக்கு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் இக்காரணத்திற்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. மற்ற இரண்டும் பெரும்பாலும் தாயின் உடல்நிலையிலிருந்து தோன்றுபவை. நோய்த்தொற்றோ பல வேளைகளில் உதவ வந்தவரின் கைவழியே தாயை அடைகிறது.

இந்தியாவில் இக்கேள்வியின் எடை அண்மை ஆண்டுகளில் கூடியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா யோஜனா, வீட்டுப் பேறுகளை மருத்துவ நிலையங்களை நோக்கித் திருப்பியது. தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் 78.9 விழுக்காடாக இருந்த நிலையப் பேறுகள், ஐந்தாம் சுற்றில் (2019-21) 88.6 விழுக்காடாக உயர்ந்தன. தமிழ்நாட்டில் இது ஏறத்தாழ முழுமையை எட்டிவிட்டது. வீட்டை விட்டு நிலையத்திற்கு வரும் தாய் பாதுகாப்பை நாடி வருகிறாள். அங்கே அவளைத் தொடும் கை தூய்மையாக இல்லையெனில் நிலையப் பேறு என்னும் கொள்கையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

மகப்பேற்று நிலையமொன்றில் நோய்த்தொற்று ஏற்பட்டால் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அன்றைய பணிமுறையில் இருந்த செவிலியரே. மீண்டும் பயிற்சி, எச்சரிக்கைக் குறிப்பாணை, இடமாற்றம் என்பன வழக்கமான தீர்வுகளாகின்றன. இத்தீர்வுகள் அனைத்தும் குறை பணியாளரின் மனத்தில் உள்ளது என்னும் முன்முடிவின்மேல் எழுந்தவை. அம்முன்முடிவு சான்றுகளால் நிறுவப்படுகிறதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினாவாகும்.

கடைப்பிடித்தல் என்னும் கருத்தாக்கம்

கைத்தூய்மையைக் கடைப்பிடித்தல் ஒற்றைச் செயலன்று. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஐந்து தருணங்களை வரையறுக்கின்றன. நோயாளியைத் தொடுமுன், தூய நிலையில் செய்ய வேண்டிய செயல்முறைக்கு முன், உடல் திரவங்கள் பட்டபின் அல்லது பட்டிருக்கக்கூடிய நிலையில், நோயாளியைத் தொட்டபின், நோயாளியைச் சூழ்ந்துள்ள பொருள்களைத் தொட்டபின் என்பன அவை. சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 விநாடிகளும், ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்புத் திரவத்திற்கு 20 முதல் 30 விநாடிகளும் தேவை என்றும் அந்நெறிகள் குறிப்பிடுகின்றன.

மகப்பேற்று அறையில் ஒவ்வொரு தருணமும் மேலும் சில படிகளாகப் பிரிகிறது. உள்பரிசோதனைக்கு முன் கையைக் கழுவ வேண்டும்; தூய துணியாலோ காற்றாலோ உலர்த்த வேண்டும்; தொற்றுநீக்கிய கையுறையை அதன் வெளிப்புறம் படாமல் அணிய வேண்டும்; அதன்பின் பரிசோதனை முடியும்வரை வேறெதையும் தொடாதிருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று தவறினும் முன்னர்ச் செய்த மூன்றும் பயனற்றுப் போகின்றன. சான்சிபார்த் தீவுகளின் மகப்பேற்று நிலையங்களில் நிகழ்த்தப்பெற்ற நேர்க்காட்சி ஆய்வுகள் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தின. அங்கே கைகழுவிக் கையுறை அணிந்த பணியாளர்களும் செயல்முறைக்கு முன் கட்டில், திரை, தாயின் ஆடை போன்றவற்றைத் தொட்டுக் கையுறையை மீண்டும் மாசுபடுத்தியது பதிவாகியுள்ளது. ‘கை கழுவினாரா’ என்று மட்டும் கேட்கும் கணக்கெடுப்பில் இப்பணியாளர் விதியைக் கடைப்பிடித்தவர். தாயின் நிலையிலிருந்து நோக்கினால் அவர் கடைப்பிடிக்காதவர்.

எனவே கடைப்பிடித்தல் என்பதை, உரிய தருணத்தில் உரிய வரிசையில் எல்லாப் படிகளையும் நிறைவேற்றுதல் என வரையறுப்பது பொருந்தும். இவ்வரையறையின்படி நோக்குகையில் பணியாளரின் அறிவு அதன் ஒரு கூறு மட்டுமே. குழாயில் நீர் வருவதும், கையுறை எட்டும் இடத்தில் இருப்பதும், திரையை விலக்க இன்னொருவர் உடனிருப்பதும் அதே அளவிற்கு இன்றியமையாத கூறுகளாகும்.

வியன்னாவின் இரு பிரிவுகள்

வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்று மனை இரு பிரிவுகளாக இயங்கியது. 1840 முதல் முதற்பிரிவு மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்கும், இரண்டாம் பிரிவு மருத்துவச்சிகளின் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட்டது. 1841 முதல் 1846 வரையிலான ஆறு ஆண்டுகளில் முதற்பிரிவில் 20,042 பேறுகளும் 1,989 இறப்புகளும் நிகழ்ந்தன. இறப்பு விகிதம் 9.92 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் 17,791 பேறுகளுக்கு 691 இறப்புகள், விகிதம் 3.88 விழுக்காடு. ஒரே மருத்துவமனை, ஒரே நகர மக்கள், ஒரே தட்பவெப்பம். வேறுபாடு தொட்ட கைகளில் இருந்தது. நகரப் பெண்கள் இதனை மருத்துவர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்கப்படும் நாளில் வந்தோர் இரண்டாம் பிரிவிற்கு அனுப்புமாறு மன்றாடினர்.

முதற்பிரிவின் உதவி மருத்துவராகிய இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மார்ச்சில் நிகழ்ந்த ஒரு மரணத்திலிருந்து காரணத்தை உய்த்துணர்ந்தார். அவருடைய நண்பரும் தடயவியல் மருத்துவப் பேராசிரியருமாகிய யாக்கோப் கொலெட்ச்கா, பிணக்கூறாய்வின்போது கத்தியால் கீறப்பட்டு இறந்தார். அவருடைய உடலில் காணப்பட்ட மாற்றங்கள் மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிணக்கூறாய்வு அறையிலிருந்து நேரே மகப்பேற்று மனைக்கு வரும் மாணவர்களின் கைகளே நச்சுப்பொருளைச் சுமந்து வருகின்றன என்னும் முடிவிற்குச் செம்மல்வைஸ் வந்தார். மருத்துவச்சிகள் பிணக்கூறாய்வு செய்வதில்லை என்பதால் இரண்டாம் பிரிவின் குறைந்த இறப்பிற்கும் இது விளக்கமளித்தது.

1847 மே மாத நடுப்பகுதியிலிருந்து, மகப்பேற்று மனைக்குள் நுழைவோர் அனைவரும் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவ வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் 312 பேறுகளுக்கு 57 தாய்மார் இறந்திருந்தனர். சூனில் 268 பேறுகளுக்கு 6 பேரும், சூலையில் 250 பேறுகளுக்கு 3 பேரும் மட்டுமே இறந்தனர். 1848ஆம் ஆண்டு முழுமைக்கும் 3,556 பேறுகளுக்கு 45 இறப்புகள், விகிதம் 1.27 விழுக்காடு. அவ்வாண்டின் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு திங்களிலும் முதற்பிரிவில் ஒரு தாயும் இறக்கவில்லை.

இந்நிகழ்வு மருத்துவ வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பாகவே பெரிதும் பேசப்படுகிறது. விதிக் கடைப்பிடிப்பின் கோணத்தில் நோக்கினால் அதன் வேறு கூறுகள் வெளிப்படுகின்றன. முதலாவதாக, கழுவும் நீர் மனைக்குள் நுழையும் இடத்திலேயே வைக்கப்பட்டது. அதனைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. இரண்டாவதாக, தொடக்கத்தில் பயன்பட்ட குளோரின் நீர் விலை மிகுந்ததாக இருந்தமையால், மலிவான குளோரினேற்றிய சுண்ணாம்பிற்குச் செம்மல்வைஸ் மாறினார். விதி நீடிக்க வேண்டுமெனில் அதற்குரிய பொருள் தீராமல் கிடைக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மூன்றாவதாக, அன்றாடம் மனையில் இருந்து கண்காணிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. நான்காவதாக, இறப்பு எண்ணிக்கை மாதந்தோறும் கணக்கிடப்பட்டதால் விதியின் பயன் கண்கூடாகத் தெரிந்தது.

விதியின் போதாமை

1847 அக்டோபரில் நிகழ்ந்த ஒரு நிகழ்வு விதியின் உள்ளடக்கத்தையே மாற்றியது. கருப்பைப் புற்றுநோயினால் கசிவு கொண்ட ஒரு பெண், மருத்துவர் சுற்றுவரத் தொடங்கும் முதற்கட்டிலில் சேர்க்கப்பட்டாள். ஆணைப்படி மனைக்குள் நுழையும்போது அனைவரும் குளோரின் கரைசலில் கழுவியிருந்தனர். அப்பெண்ணைப் பரிசோதித்தபின் சோப்பால் மட்டும் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அச்சமயம் பேற்று நிலையில் இருந்த பன்னிரு பெண்களில் பதினொருவர் இறந்தனர்.

இங்கே விதியை மீறியவர் எவருமில்லை. எழுதப்பட்ட ஆணை எழுதப்பட்டவாறே நிறைவேறியது. குறை ஆணையில்தான் இருந்தது. நச்சுப்பொருள் பிணத்திலிருந்து மட்டுமே வரும் என்ற கருதுகோளின்மேல் அவ்வாணை அமைந்திருந்தது. உயிருள்ள நோயாளியிடமிருந்தும் அது பரவும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. செம்மல்வைஸ் ஆணையைத் திருத்தி, ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில் குளோரின் கரைசலில் கழுவுவதைக் கட்டாயமாக்கினார். இன்றைய ஐந்து தருணங்களுள் நோயாளியைத் தொடுமுன், தொட்டபின் என்னும் இரண்டின் கரு இத்திருத்தத்தில் உள்ளது எனலாம். அடுத்த மாதம் முழங்காலில் சீழ்ப்புண் கொண்ட ஒரு தாயினால் மீண்டும் இறப்புகள் நேர்ந்தபோது, அத்தகையோரைத் தனிமைப்படுத்தும் வழக்கமும் சேர்க்கப்பட்டது.

ஒரு மனையில் தொற்று நிகழும்போது ‘விதியை மீறியவர் யார்’ என்று கேட்பதற்கு முன் ‘விதி முழுமையானதா’ என்று கேட்க வேண்டும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடமாகும்.

விதி நிலைபெறாமை

1849 மார்ச்சில் செம்மல்வைஸின் பணிக்காலம் முடிந்தது, அது நீட்டிக்கப்படவில்லை. அதன்பின் கழுவும் வழக்கம் பெயரளவில் தொடர்ந்தது. 1849இல் 3,858 பேறுகளுக்கு 103 பேர் இறந்தனர். 1854இல் 4,393 பேறுகளுக்கு 400 பேர் இறந்தனர். விகிதம் மீண்டும் 9.1 விழுக்காட்டை எட்டியது. இவ்வேற்றத்தை ஒரே காரணத்திற்கு உரியதாக்குவது கடினம். ஆயினும் கழுவல் உரிய கண்டிப்புடன் நடைபெறவில்லை என்று செம்மல்வைஸ் 1861இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஒருவரின் நேரடிக் கண்காணிப்பைச் சார்ந்து நின்ற விதி, அவர் நீங்கியதும் வலுவிழந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பின்னர் அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பெஸ்ட் பல்கலைக்கழக மகப்பேற்று மனையில் வேறொரு தடை எழுந்தது. சலவை ஒப்பந்தத்தின் சீர்கேட்டினால் படுக்கை விரிப்புகள் சரிவரத் துவைக்கப்படாமல் மனைக்குத் திரும்பின. மகப்பேற்றுக் காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. கை தூய்மையாக இருந்தும் விரிப்பு அழுக்காக இருப்பின் பயனில்லை என்று அவர் நிர்வாகத்திடம் போராட வேண்டியிருந்தது. சலவை ஒப்பந்தம் மருத்துவரின் அறிவிற்கோ செவிலியரின் அக்கறைக்கோ கட்டுப்பட்டதன்று. அது கொள்முதல் அதிகாரியின் மேசையில் முடிவாவது.

செம்மல்வைஸிற்கு முன்பே இவ்வுண்மையைக் கூறியோர் உண்டு. அபர்டீன் நகரின் அலெக்சாண்டர் கார்டன், மருத்துவர்களும் மருத்துவச்சிகளுமே காய்ச்சலைச் சுமந்து செல்கின்றனர் என்று 1795இல் எழுதி, அவர்களுள் தம்மையும் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஓம்ஸ் 1843இல் இதே கருத்தை முன்வைத்துக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். இம்மூவரும் எதிர்கொண்ட எதிர்ப்பில் ஒரு பொதுக்கூறு உண்டு. காப்பதற்காக நீளும் கை கொல்லவும் கூடும் என்பதை ஒரு தொழிற்குழு ஏற்பது எளிதன்று. குற்றச்சாட்டாக அளிக்கப்படும் உண்மை தற்காப்பையே தூண்டுகிறது. செம்மல்வைஸ் தம்மை எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர் எனப் பழித்துத் திறந்த மடல்கள் எழுதினார். அம்மடல்கள் அவருக்கு ஆதரவாளர்களைப் பெற்றுத் தரவில்லை.

பணிச்சுமையும் பதவியும்

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டிற்குப் பின், செனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் திதியே பித்தே குழுவினர் கைத்தூய்மையை நேரடியாகக் கவனித்து அளந்தனர். 1999இல் வெளியான முடிவுகளின்படி, கைத்தூய்மை தேவைப்பட்ட தருணங்களில் 48 விழுக்காட்டில் மட்டுமே அது நிகழ்ந்தது. செவிலியரிடையே 52 விழுக்காடாக இருந்த கடைப்பிடிப்பு, மருத்துவரிடையே 30 விழுக்காடாகக் குறைந்தது. கூடுதலாகக் கற்றவர் கூடுதலாகக் கடைப்பிடிப்பார் என்னும் எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது. மேலும், ஒரு மணி நேரத்தில் கைத்தூய்மை தேவைப்படும் தருணங்கள் பெருகப் பெருகக் கடைப்பிடிப்பு குறைந்தது. அதாவது, ஆபத்து மிகும் இடத்திலேயே பாதுகாப்பு குறைகிறது.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு செவிலியருக்கு ஒரு மணி நேரத்தில் இருபது தருணங்கள் நேர்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் ஒரு நிமிடம் வீதம் சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் இருபது நிமிடங்கள், அதாவது பணிநேரத்தின் மூன்றில் ஒரு பங்கு, கழுவுமிடத்திலேயே கழியும். இரு தாய்மார் ஒரே வேளையில் பேற்று நிலையில் இருக்க, ஒரே செவிலியர் பணியில் இருப்பின் இவ்விதியை முழுமையாக நிறைவேற்றுவது இயலாத செயலாகிறது. கட்டில் அருகே வைக்கப்பட்ட கைத்தேய்ப்புத் திரவத்தால் 20 விநாடியில் முடிப்பின் அதே இருபது தருணங்களுக்கு ஏழு நிமிடங்களுக்கும் குறைவாகவே ஆகும். செனீவாவில் செய்யப்பட்ட மாற்றமும் இதுவே. திரவத்தைக் கட்டிலருகே கொண்டுவந்தமை, சுவரொட்டிகள், தொடர் அளவீடு, நிர்வாகத்தின் வெளிப்படையான ஆதரவு ஆகியவற்றால் 1994இல் 48 விழுக்காடாக இருந்த கடைப்பிடிப்பு 1997இல் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்றுகளின் பரவல் 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் கண்ணுக்குத் தெரியும் அளவிற்குக் குருதியோ பனிக்குட நீரோ பட்ட கைக்குச் சோப்பும் நீருமே வேண்டும். ஆதலால் மகப்பேற்று அறையில் தேய்ப்புத் திரவம் குழாய்க்கு மாற்றாகாது. துணையாக மட்டுமே அமையும்.

கையுறை தரும் போலிப் பாதுகாப்பு

அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் 1889-90 காலத்தில் வில்லியம் ஆல்ஸ்டெட் இரப்பர்க் கையுறைகளை அறிமுகப்படுத்தினார். தொற்றுநீக்கிக் கரைசலால் தோல் புண்ணான அறுவை அறைச் செவிலியர் ஒருவரின் கைகளைக் காப்பதே அதன் முதல் நோக்கம். நோயாளிக்கான பாதுகாப்பு பின்னரே உணரப்பட்டது. பணியாளரைக் காக்கும் பொருள் என்ற இந்த முதற்பொருள் இன்றும் மறையவில்லை. உடல் திரவங்கள் பட்டபின் கழுவுவது பொதுவாக மிகுதியாகவும், நோயாளியைத் தொடுமுன் கழுவுவது குறைவாகவும் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அருவருப்பும் தற்காப்பும் இயல்பாகத் தூண்டும் செயலுக்கு விதி வேண்டியதில்லை. பிறரைக் காக்கும் செயலுக்கே விதியும் ஏற்பாடும் தேவைப்படுகின்றன. கையுறை அணிந்துவிட்டால் கைகழுவத் தேவையில்லை என்ற எண்ணமும், ஒரே கையுறையுடன் அடுத்த தாயை அணுகும் வழக்கமும் இதன் தொடர்ச்சியாகும். கையுறை வழங்கல் தட்டுப்படும் நிலையங்களில் இவ்வழக்கம் சிக்கன நடவடிக்கையாகவே மாறிவிடும் வாய்ப்புண்டு.

உத்தரப்பிரதேசச் சோதனை

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பாதுகாப்பான மகப்பேற்றுச் சரிபார்ப்புப் பட்டியல், சேர்க்கை, பேற்றிற்குச் சற்று முன், பேற்றிற்குப் பின் ஒரு மணி நேரத்திற்குள், வீடு திரும்புமுன் என்னும் நான்கு நிறுத்தங்களைக் கொண்டது. சோப்பு, நீர், கைத்தேய்ப்புத் திரவம், கையுறை ஆகியவை கைவசம் உள்ளனவா என்பதை உறுதிசெய்தல் அதன் கூறுகளுள் ஒன்று. கருநாடகத்தின் பெலகாவிப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்த முன்னோட்ட ஆய்வில், ஒவ்வொரு பேற்றிலும் நிறைவேறிய நற்செயல்கள் 29இல் சராசரியாக 10 என்பதிலிருந்து 25 என உயர்ந்தன. இம்முடிவு 2012இல் வெளியானது.

இந்நம்பிக்கையின் அடிப்படையில் உத்தரப்பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 அரசு நிலையங்களில் பெருஞ்சோதனை ஒன்று நடைபெற்றது. 1,57,000க்கும் மேற்பட்ட தாய்மார் இதில் இடம்பெற்றனர். பாதி நிலையங்களில் பட்டியலோடு எட்டு மாதங்கள் பயிற்றுநரின் நேரடி வழிகாட்டலும் வழங்கப்பட்டது. இரண்டாம் மாத அளவீட்டில், கவனிக்கப்பட்ட 18 நற்செயல்களின் கடைப்பிடிப்பு வழிகாட்டல் பெற்ற நிலையங்களில் 72.8 விழுக்காடாகவும், பெறாத நிலையங்களில் 41.7 விழுக்காடாகவும் இருந்தது. வழிகாட்டல் முடிந்து நான்கு மாதங்களான பின், பன்னிரண்டாம் மாதத்தில், இவை முறையே 61.7 விழுக்காடும் 43.9 விழுக்காடுமாயின. ஆயினும் தாய் சேய் இறப்பும் கடுமையான நோய்ப்பாடும் சேர்ந்த விளைவு இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: 15.1 விழுக்காடும் 15.3 விழுக்காடும்.

இச்சோதனை தொற்றுக் கட்டுப்பாட்டை மட்டும் அளந்ததன்று. ஆகவே அதன் முடிவைக் கைத்தூய்மை பயனற்றது எனக் கொள்வது பிழையாகும். அது உணர்த்துவன இரண்டு. ஒன்று, உடன் நின்று வழிகாட்டுபவர் இருக்கும்வரை கடைப்பிடிப்பு உயர்கிறது. அவர் நீங்கியபின் தளர்கிறது. 1849க்குப் பிந்தைய வியன்னாவின் நிலையும் இதனையே காட்டியது. மற்றொன்று, பணியாளரின் நடத்தை மட்டும் மாறி, மருந்து, குருதி, மேல்நிலைச் சிகிச்சைக்கான போக்குவரத்து, பணியாளர் எண்ணிக்கை ஆகியவை மாறாதிருப்பின் உயிர் காக்கும் ஆற்றல் ஓர் எல்லைக்குள் நின்றுவிடுகிறது. உழைத்தவர்கள் உழைத்தனர், அவ்வுழைப்பு விளைவாக மாறத் தேவையான சூழல் முழுமையாக அமையவில்லை.

அளவிடலும் பழியும்

கடைப்பிடிப்பை அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. கவனிக்கப்படுகிறோம் என்றறிந்த பணியாளர் வழக்கத்தினும் கூடுதலாகக் கழுவுவார். ஆகவே நேர்க்காட்சி அளவீடுகள் உண்மை நிலையை மிகைப்படுத்தக்கூடும். பணியாளரே நிரப்பும் படிவங்கள் இதனினும் மிகைப்படுத்துபவை. இந்தியாவில் 2015இல் தொடங்கிய காயகல்ப் விருதுத் திட்டமும், 2017இல் தொடங்கிய இலக்ஷ்யா மகப்பேற்று அறை மேம்பாட்டுத் திட்டமும் மதிப்பெண் வழியாக நிலையங்களின் தூய்மையை ஊக்குவிக்கின்றன. இவை வசதிகளை மேம்படுத்துவதில் வரவேற்கத்தக்கவை. எனினும் மதிப்பெண்ணே இலக்காகும்போது ஆய்வு நாளன்று மட்டும் சோப்பும் துண்டும் தோன்றும் நிலை உருவாகாமல் காக்க வேண்டும்.

இதனினும் நுட்பமானது பழியின் சிக்கல். தொற்று நேர்ந்தால் தண்டனை உறுதி என்னும் சூழலில் தொற்றுகள் பதிவேட்டில் இடம்பெறாமல் போகின்றன. செம்மல்வைஸால் காரணத்தைக் காண முடிந்தமைக்கு அடிப்படை, வியன்னா மருத்துவமனை தன் இறப்புகளைப் பல்லாண்டுகளாக ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தமையே. உண்மையான பதிவு இல்லாத இடத்தில் ஆய்விற்கும் திருத்தத்திற்கும் இடமில்லை. மேலும், மூத்த மருத்துவர் கழுவாமல் பரிசோதிக்கும்போது அதனைச் சுட்டிக்காட்டும் உரிமை இளைய செவிலியருக்கும் மருத்துவ மாணவருக்கும் இல்லாத நிலையில், விதி பதவியின் கீழ்ப்படியில் மட்டுமே செல்லுபடியாகிறது. செனீவா ஆய்வில் மருத்துவரின் கடைப்பிடிப்பு செவிலியரினும் குறைந்திருந்தமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பன்முக உத்தி ஐந்து கூறுகளை உடையது: வசதி மாற்றம், பயிற்சி, அளவீடும் பின்னூட்டமும், பணியிட நினைவூட்டல்கள், பாதுகாப்பை மதிக்கும் நிறுவனச் சூழல். இவ்வைந்தில் பயிற்சி ஒன்று மட்டுமே பணியாளரின் அறிவை நோக்கியது. ஏனைய நான்கும் நிர்வாகத்தின் கடமைகள். நடைமுறையில் பெரும்பாலும் பயிற்சியே திரும்பத் திரும்ப அளிக்கப்படுகிறது. அது செலவு குறைந்தது என்பதோடு, பொறுப்பைப் பணியாளரிடமே விட்டுவைப்பதும் அதற்குக் காரணமாகலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கைத்தூய்மையைக் கடைப்பிடித்தல் பல படிகளின் தொடர். ஒரு படியை மட்டும் அளப்பது தாயின் பாதுகாப்பை அளப்பதாகாது.

2. வியன்னாவில் 1847இல் நேர்ந்த வெற்றிக்குக் கருத்தின் புதுமையோடு, எட்டும் இடத்தில் கரைசல், மலிவான பொருள், அன்றாடக் கண்காணிப்பு, ஒளிவற்ற பதிவு ஆகியவையும் காரணமாயின. கண்காணிப்பு நீங்கியபின் பயனும் தேய்ந்தது.

3. விதியே குறையுடையதாக இருக்கக்கூடும் என்பதை 1847 அக்டோபர் நிகழ்வு காட்டுகிறது. தொற்று நேரும்போது விதியையும் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும்.

4. பணிச்சுமை ஓர் எல்லையைக் கடந்தபின் விதியை முழுமையாக நிறைவேற்றுவது நேரக் கணக்கிலேயே இயலாது. அந்நிலையில் பணியாளரைத் தண்டிப்பது நியாயமும் அன்று, பயனுடையதும் அன்று.

5. உத்தரப்பிரதேசச் சோதனை காட்டுவதுபோல, குறுகிய கால வழிகாட்டல் நிலைத்த பழக்கமாக மாற, அது நிலையத்தின் நிரந்தரப் பணியமைப்பில் இடம்பெற வேண்டும்.

தொற்று விசாரணை ஒவ்வொன்றும் சில எளிய வினாக்களுடன் தொடங்குவது இதற்கு முதற்படியாகும். அன்று குழாயில் நீர் வந்ததா? கையுறை இருப்பில் இருந்ததா? ஒரு செவிலியர் எத்தனை தாய்மாரைக் கவனித்தார்? விரிப்புகள் துவைத்து வந்தனவா? இவ்வினாக்களுக்கு விடை எழுதியபின்னரே பணியாளரின் பெயர் அந்தக் கோப்பில் இடம்பெறுதல் வேண்டும்.